நிறுவனரின் மீசை

– அப்ப வாசல்ல நிறுவனரெண்டு நிக்கப்போறது நீங்கள்தான். சரி மோகனதாஸ், கதிரையில நல்லாச் சாய்ஞ்சு இருங்கோ. வெளியில தலைவரெண்டாலும் என்ர கராஜுக்குள்ள கழுத்தை நேராய் வைச்சிருக்க வேணும்.

– கமிட்டி முடிவு யோகாக்கா, நானா கேட்கல. சித்திரைக்கு மியூசியத்தோட புது ஹாலைத் திறக்குறோம், மினிஸ்டர் வர்றாரு, வாசல்லயே நிறுவனர் மெழுகுச் சிலையா நிக்கணும்னு எல்லாரும் ஒரே குரலாச் சொல்லிட்டாங்க. சிட்னி முழுக்கத் தேடிப் பாத்தோம்க்கா. உங்களை விட்டா இந்த வேலை யாருக்கும் தெரியல.

– என்னை வெளியில அனுப்பேக்க அது ஞாபகம் வரேல்லையாக்கும்.

– பழசு எதுக்குக்கா. மீசை மட்டும் கவனம். இதைப் பாத்துத்தான் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன்ல ஆளுங்க எனக்கு வணக்கம் சொல்றாங்க. சிலையில ஒரு முடி குறையக் கூடாது.

– முடி நடுறதுக்கு உங்கட மனிசி ரதி இருக்கிறா தானே.

– ஆமா, அவ செஞ்சிடுவா. வீட்டுல சும்மாதான இருக்கா.

– கேட்டீரோ ரதி, உமக்கு வேலை வந்திட்டுது. அந்த வாஸ்லின் போத்தலை எடுத்து முகம் முழுக்கப் பூசிவிடும். மீசைக்கும் புருவத்துக்கும் தடிப்பாய்ப் போடும், இல்லாட்டிப் பிளாஸ்டர் மயிரைக் கவ்விக்கொண்டு விடாது. நான் இஞ்சால பிளாஸ்டரைக் கரைக்கிறன்.

– பூசுறேன்க்கா.

– தலைவர், கண்ணையும் வாயையும் மூடுங்கோ. மூக்கு ஓட்டை ரெண்டையும் விட்டுத்தான் அப்புவன், பயப்பிடாதேங்கோ. இனிக் கதைக்க ஏலாது, சிரிக்க ஏலாது, முகம் அசைஞ்சால் அச்சு பிழைச்சுப் போம். சரியெண்டால், ஓமெண்டால், பெருவிரலைத் தூக்குங்கோ. ரதி, நீர் விரலைப் பாத்துச் சொல்லும். எனக்குக் கை முழுக்கப் பிளாஸ்டர்.

– தூக்குறாருக்கா.

– நல்லது. நெத்தி முடிஞ்சுது, கன்னம் முடிஞ்சுது. வாய்க்கு மேல இன்னுமொரு தட்டுப் போடுறன். இது அச்சுக்குத் தேவையில்லை, எனக்குத் தேவை.

– மூச்சு நல்லா வருதுங்களா? ம், விரலைத் தூக்குறாரு.

– அப்ப இனிக் கதைப்பம். இந்த மனிசன்ர வாய் மூடியிருக்கிற நேரம் ஒண்டுக்காகத்தான் நான் இவ்வளவு காலமும் செத்துப்போகாமல் இருந்தனான். மீற்றிங்கில நான் வாயைத் திறந்தால் உடன ‘பொயின்ற் ஒஃப் ஓர்டர்’ எண்டு மறிப்பார். எங்க, இப்ப சொல்லட்டும் பாப்பம்.

– கை ஆடுதுக்கா.

– ஆடட்டும். உயிரோட இருக்கிறாரெண்டு விளங்குது. தலைவர், மியூசியம் எங்க தொடங்கினது? வென்ட்வேர்த்வில்லில, கம்பளம் வித்து நொந்துபோன ஒருத்தன் விட்டிட்டுப்போன கடையில. ஆர் தொடங்கினது? கொழும்பில டொக்டருக்குப் படிக்கிற பெடியளுக்கு மெழுகில ஈரலும் குடலும் செய்து குடுத்த இந்த யோகா. நான் செய்த ஈரலைப் பாத்து ஒரு பெரிய டொக்டர், ‘இந்த ஆள் குடியை நிப்பாட்ட வேணும்’ எண்டு மருந்து எழுதினவர்.

– போன தடவை சொன்னப்போ சின்ன டாக்டர்னு சொன்னீங்க.

– இடையில வளர்ந்திட்டார். இஞ்ச வந்து மெழுகு வாங்க வழியில்லாமல், சேர்ச் சேர்ச்சாய்ப் போய் எரிஞ்சு முடிஞ்ச மெழுகுதிரியெல்லாம் பொறுக்கினன். பாதிரியார்மார் நான் மதம் மாறப்போறனெண்டு நினைச்சு எனக்கு ரீயும் பிஸ்கற்றும் தந்தவை. அந்த மெழுகிலதான் சிட்னியில முதன்முதல் இடியப்பக் கடை போட்ட கல்யாணசுந்தரத்தாரைச் செய்தனான். அவற்ற பெஞ்சாதி சிலையைப் பாத்திட்டு, ‘ஏன் சாப்பிட வரேல்லை’ எண்டு அதோட சண்டைக்குப் போனவ. எல்லாம் இந்த ரெண்டு கையாலையும், தனிய.

– தனியாவாக்கா?

– தனியத்தான். ஆர் வந்தது துணைக்கு?

– முடி நட்டது.

– ஓ, நீரும் பின்னேரங்களில வந்து ஊசி பிடிச்சனீர் தான். நான் அதைச் சொல்லேல்லை ரதி, வேலையைச் சொல்லுறன்.

– கல்யாணசுந்தரத்தோட அந்த ஒரு மீசைக்கே நான் ஒரு மாசம் உக்காந்தேன்க்கா. ஒவ்வொரு முடியா. கழுத்து இன்னும் சரியாகல.

– பிளாஸ்டர் இறுகுது, கதையை மாத்தாதேயும். பிறகு வந்துது அந்தக் கோடை. தலைவர், கேட்குதோ? கடைக்குள்ள இருந்த சூட்டுக்கு கல்யாணசுந்தரத்தாரின்ர மூக்கு இளகி, நாடிக்கு வந்து, அங்கயிருந்து சேர்ட் பொக்கற்றுக்குள்ள இறங்கிப் போட்டுது. நான் ஐஸ் மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு மூக்காய்க் காப்பாத்திக்கொண்டு நிண்டன். அப்பத்தான் ரதிக்குப் பின்னால நீங்களும் வந்தனீங்கள், ஒரு ஏசியோட. ஓம், ஏசி பூட்டினீங்கள், மறக்கேல்லை. ஆனா ஏசி பூட்டினவர் நிறுவனரெண்டால் என்ர வீட்டுக் குசினிக்குக் குழாய் பூட்டினவன்தான் என்ர புருசன்.

– அக்கா, அவரு தோள் குலுங்குது. கோபமா சிரிப்பான்னு தெரியல.

– சிரிச்சால் கன்னத்தில கோடு விழும். விழட்டும். அந்த ஏசியோட தலைவரானார். தலைவரானதும் சுவரில என்ர பேரை அழிச்சுத் தன்ர பேரை எழுதினார். கேட்டால், யோகாக்காக்கு வயசு போட்டுது, ஓய்வெடுக்கட்டும் எண்டாராம். சரி, அதைக்கூட விட்டன். நான் என்னையே ஒரு சிலை செய்து வாசல்ல வைச்சிருந்தனான் ரதி, வலக்கையை நீட்டி வாறவையை வரவேற்கிற மாதிரி. போன தீபாவளிக்குப் போய்ப் பாக்கிறன், வாசல்ல நான் இல்லை. உள்ளுக்குப் போனன், இல்லை. பின்னுக்குப் போனால் நிக்கிறன். நீட்டின கையில ‘கழிப்பறை இந்தப் பக்கம்’ எண்டு ஒரு பலகை.

– நான் வேணாம்னு சொன்னேன்க்கா. யாரு கேக்குறாங்க.

– ஒரு பெடியன் என்னையும் பாத்து, சிலையையும் பாத்து, ‘அன்ரி, நீங்களா ரொய்லற்றுக்குப் பொறுப்பு’ எண்டு கேட்டவன். அண்டைக்கு நினைச்சனான், இந்த மனிசனுக்கு ஒருநாள் என்ர கை தேவைப்படும், அண்டைக்குப் பாத்துக்கொள்ளுவம் எண்டு. தலைவர், இப்ப முகம் சுடத் தொடங்கும். பிளாஸ்டர் இறுகேக்க அப்பிடித்தான், ஒண்டும் செய்யாது. ஆனா எவ்வளவு சுடுமெண்டு நான் சொல்லமாட்டன்.

– காலை உதைக்கிறாரு.

– கேள்விக்கு மறுமொழி சொன்னால் நேரம் போறது தெரியாது. மியூசியத்தைத் தொடங்கினது ஆர், யோகாவோ நீங்களோ? யோகாவெண்டால் பெருவிரல்.

– அசையலக்கா.

– பரவாயில்லை. எனக்கு அவசரமில்லை. நான் போய் ஒரு பிளேன்ரீ ஊத்திக் குடிச்சிட்டு வாறன்.

– தூக்கிட்டாரு.

– நல்லாத் தூக்கினவரோ?

– கூரையத் தொடுற மாதிரி.

– நீர் சாட்சி ரதி. அடுத்தது. சித்திரைக்கு வாசல்ல நிறுவனராய் நிக்கிறது என்ர சிலை. சுவரிலயும் என்ர பேர். ஓமோ?

– அதுக்கும் தூக்குறாருக்கா. இந்தத் தடவை ரெண்டு கையையும்.

– பாத்தீரே, மனிசனை வாய்மூட வைச்சால் எவ்வளவு நியாயமாய் நடக்கிறார். தலைவர், கவலைப்படாதேங்கோ, உங்களையும் செய்வன். உங்கட உடம்பு ஏற்கெனவே செய்து முடிஞ்சுது, அந்தா அந்தத் துணிக்குப் பின்னால நிக்குது, தலைக்காகத்தான் காத்திருக்குது. வலக்கை நீட்டின உடம்பு. பலகை எங்க போகவேணுமெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

– அக்கா, காஞ்சிடுச்சு போலிருக்கு.

– ஓம், காய்ஞ்சிட்டுது. தலைவர், உள்ளுக்குள்ள முகத்தைச் சுளியுங்கோ, கன்னத்தை ஊதுங்கோ. காத்துப் போனால் தானாய்க் கழண்டு வரும். ஆ, நெத்தி வருது. நாடி வருது. என்ன இது, நடுவில இழுபடுது. ரதி, இதை ஒருக்காப் பிடியும்.

– பாத்து இழுங்கக்கா. வலிக்குது போல.

– வருகுதில்லையே. புருவத்திலையும் பிடிச்சிருக்கு. வாஸ்லின் பூசினனீர் தானே?

– நெத்திக்குப் பூசினேன். கன்னம், மூக்கு, நாடி எல்லாத்துக்கும் பூசினேன்.

– மீசைக்கு?

– பூசல.

– மறந்துபோனீரோ?

– இல்லக்கா.

– ஐயோ ரதி, இனி இழுத்தால் அச்சு வெடிச்சிடும், மீசையை அடியோட வெட்டித்தான் எடுக்கவேணும். கத்திரிக்கோல் இதில கிடந்துதே. எங்க வைச்சனீர்?

– சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்விதான், நீங்க கேட்ட மாதிரியே. கல்யாணசுந்தரத்துக்கு மீசை நட்டது, அந்த ஹால்ல நிக்கிற எல்லாத் தலைக்கும் முடி நட்டது யாரு? ரதின்னா பெருவிரல்.

– விளையாடாதேயும். மனிசன் உள்ளுக்குள்ள கிடந்து தவிக்குது.

– அவரு தூக்கி ரொம்ப நேரமாச்சுக்கா. நான் உங்க விரலப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.