சேர்ந்து எடுத்த முடிவு

இந்தக் கடைசி வரிய எழுதினது யாரும்மா? நீ இல்லையா? அதானே பாத்தேன். நீ வெறும் படம் எடுக்க வந்தவ, உன்னச் சொல்லி என்ன. புது சிஸ்டத்துக்கு மாறினது நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து எடுத்த முடிவு. இத நான் சொல்லணும். கேமராவப் பாத்து. முகத்தக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வேற வச்சுக்கணுமாம், அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்காங்க.

இப்ப அது ஓடுதா? ஓடலையா. சரி, அந்தச் சிவப்பு லைட்டு எரியற வரைக்கும் என் வாயால பேசிக்கறேன். எரிஞ்சப்புறம் கம்பெனி வாயால பேசறேன்.

உக்காரு. அந்த பெஞ்சு ஆடும், சுவத்தோரமா உக்காரு. இதான் சங்க ஆபீஸ். சைக்கிள் ஷெட்ல ஒரு ஓரத்தத் தடுத்துக் குடுத்தாங்க, அதுக்கே நாங்க ஃபேக்டரி கேட்டுக்கு வெளிய வெயில்ல கிடந்தோம். ஃபேன் சத்தம் உனக்கு இடைஞ்சலா? நிறுத்திக்கோ. அது சுத்தறது காத்துக்காக இல்ல, கொசுவுக்காக.

உனக்கு இந்தக் கதை எதுவும் சொல்லலையா? கம்பெனிய விக்கறாங்க, வாங்கறவன் பாக்க ஒரு படம் வேணும், அவ்ளோதானா சொன்னாங்க? நல்லா இருக்கு. பொணத்துக்கு பவுடர் பூசறவகிட்ட எப்படிச் செத்தாங்கன்னு யாரு சொல்வா. கோச்சுக்காத, உன்னச் சொல்லல.

உங்க வீட்லயும் எங்க போன் இருந்திருக்கும். பட்டன் போன். மாடியில இருந்து விழுந்தா பேட்டரி ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் போகும், பொறுக்கி மாட்டினா மறுபடி அடிக்கும். அதுதான். அது இந்தக் கை பண்ணது. அப்புறம் கண்ணாடியத் தடவற போன் வந்துச்சு. எங்க சரக்கு கடையில தூங்க ஆரம்பிச்சுது. அப்பதான் போனுக்குள்ள ஓடற சிஸ்டம்ங்கற பேச்சே வந்துச்சு.

சிஸ்டம்னா என்னன்னு நான் கேட் வாசல் கூட்டத்துல சொன்னேன். நாம பண்றது ஒடம்பு தோழர்களே, கண்ணாடி, பலகை, திருகாணி. சிஸ்டம்ங்கறது உசுரு. எந்த உசுர ஊத்தறாங்கன்னு பாத்துதான் ஒடம்பு எந்திரிக்கும். அப்படின்னேன். எட்டாங்கிளாஸ்தான் நான். மிச்சமெல்லாம் துண்டுப் பிரசுரம் படிச்சது, அப்புறம் எழுதினது. ஆனா இத எனக்கு விளக்கினது ரெண்டாவது மாடிப் பசங்க. அங்க சாஃப்ட்வேர் செக்சன் இருந்துச்சு. அவங்களே சொந்தமா ஒரு சிஸ்டம் எழுதிட்டிருந்தாங்க. முக்காவாசி முடிஞ்சுது. தொட்டா தண்ணி மாதிரி ஓடும், நானே தொட்டுப் பாத்திருக்கேன்.

ஆக, மூணு வழி. ஒண்ணு நம்ம மாடியில பொறந்தது. இன்னொண்ணு ஊர்ல எல்லாக் கம்பெனியும் போட்டது, சும்மாவே குடுக்கறான். மூணாவது ஒரு பெரிய கம்பெனியோட சரக்கு. எவனும் சீண்டல. சீண்டாத சரக்குங்கறதால, நீ இத எடுத்துக்கோ, உனக்கு நான் பணம் தரேன்னான். பொண்ணு பிடிக்கல, சீர் பிடிச்சிருக்குங்கற கதை. எங்க எம்.டி.க்கு அது புதுசா என்ன? மொதலாளியோட மருமகன் அவரு. நாங்க மாப்பிள்ளைனுதான் சொல்வோம். அவரு கட்டிக்கிட்டது பொண்ணயா கம்பெனியயான்னு இன்னிக்கும் யாருக்கும் தெரியாது.

நான் பிரசுரம் போட்டேன், இதே மேஜையில உக்காந்து. ஆளில்லாத தெருவில் வீடு வாங்காதே, தலைப்பு அது. புரியுதா? வீடு பளபளன்னு இருக்கு, தெருவுல கடை இல்ல, பஸ் இல்ல. அந்த சிஸ்டத்துல பேங்க் ஆப் வராது, பஸ் டிக்கெட் வராது, பசங்க விளையாடறது ஒண்ணும் வராது. எவன்டா குடி வருவான்?

அதுக்கு மாப்பிள்ளை என்ன பண்ணார் தெரியுமா? தொழிலாளர் கருத்துக் கேட்பு. பேரக் கேட்டியா, எவ்ளோ ஜனநாயகம். கேன்டீன்ல மேஜை போட்டு மூணு போன். ஷிப்டு ஷிப்டா போய்த் தடவிப் பாத்துட்டு, பிடிச்சதுக்கு ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில போடணும். எங்க ஆளுங்க கையக் கழுவிட்டு வந்து தொட்டாங்கம்மா. குழந்தையத் தூக்கற மாதிரி. அதே நேரம் கேன்டீன் பின்வாசல்ல பாத்தா லாரி நிக்குது, புதுப் போனுக்கான அட்டைப்பெட்டி இறக்கறாங்க. ஸ்டோர்ஸ்காரன் என்னக் கூப்பிட்டுக் காட்டறான். பெட்டி பூரா அச்சடிச்சு வந்திருக்கு, அந்த மூணாவது சிஸ்டத்தோட பேரு. உள்ள நம்மாளு சீட்டு எழுதிட்டிருக்கான், எழுத்துக்கூட்டி.

அந்தச் சீட்டுப் பெட்டியத் தொறக்கவே இல்ல. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா பூட்ட ஒடச்சுட்டு அதுல கரண்டி போட்டு வச்சிருக்கான் கேன்டீன்காரன். இதான்மா சேர்ந்து எடுத்த முடிவு. கரண்டிப் பெட்டி.

இரு, இதவிட அசிங்கம் ஒண்ணு இருக்கு. இங்க ஒரு வழக்கம். புது மாடல் லைன்ல இருந்து எறங்கினா, மொத போன லைன்லயே ரொம்ப வருஷம் வேலை பாத்தவங்க கையில குடுப்பாங்க. பெல்ட்ட நிறுத்திருவாங்க. அவங்க வீட்டுக்குப் போன் பண்ணி, நான்தான் பேசறேன், கேக்குதான்னு சொல்லணும். கேக்குதுன்னா எல்லாரும் கை தட்டுவோம். அந்த மாடலுக்கு பெரியக்கா முறை. ஈயம் உருக்கி ஒட்டற செக்சன்ல இருந்தவங்க, கண்ணு பாதி போனவங்க. போட்டோக்காரங்கள வேற வரச் சொல்லிட்டார் மாப்பிள்ளை. பெரியக்கா பட்டன அமுக்கறாங்க, போன் பேச விடல. ஈமெயில் குடுங்கறான், பாஸ்வேர்டு குடுங்கறான், நீ யாருங்கறான். அந்தப் போன ஒட்டினதே அவங்கதான், அவங்களப் பாத்து நீ யாருங்கறான். மாப்பிள்ளை பிடுங்கி அவரு ஈமெயிலப் போட்டார். சரி, போட்டோவுக்கு நேரமாச்சு, வீட்டுக்கெல்லாம் வேணாம், எனக்கே அடிங்கன்னார். அடிச்சாங்க. பழக்க தோஷம், பாக்கெட்ல கைய விட்டு எடுத்தார் பாரு, எதிரிக் கம்பெனி போன். எங்களத் தெருவுக்கு அனுப்பின அதே போன். லைன்ல ஒருத்தன் சிரிக்கணுமே. சிரிக்கல. பெல்ட்டு மறுபடி ஓடற சத்தம்தான் கேட்டுச்சு.

அப்புறம் என்ன. கடைக்குப் போன சரக்கு கடையிலேயே கிடந்துச்சு. ரெண்டாவது மாடியக் காலி பண்ணாங்க. மொத லைன், நாலாவது லைன், பெயின்ட் ஷாப், ஒண்ணொண்ணா விளக்க அணைச்சாங்க. சீர் குடுத்தவன் அந்த சிஸ்டத்தையே கைவிட்டுட்டான். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா பங்கு வச்சிருக்கவனெல்லாம் இப்ப கேஸ் போட்டிருக்கான், யாரக் கேட்டு இந்த முடிவ எடுத்தீங்கன்னு. அதுக்குத்தான் இந்த வரி. சங்கத் தலைவன் வாயால வந்தா ஜட்ஜு நம்புவாராம்.

என்னம்மா தலையக் குனிஞ்சுக்கற? வேணாம்னா சொல்லாதீங்கன்னா சொன்ன? நல்ல பொண்ணு நீ. ஆனா அத உன் வாயில வச்சுக்க, உன்னக் கூட்டிட்டு வந்து வெளிய கார்ல உக்காந்திருக்க கம்பெனி ஆளு காதுல விழப்போவுது.

நாற்காலிய எங்க போடணும்? ஜன்னலாண்டயா. கொடி தெரியணுமா பின்னாடி? தெரியட்டும், அவங்க அதத்தான் கேட்டிருப்பாங்க. சட்டைக் காலரு சரியா இருக்கா?

பர்சனல் ஆபீசர், ஆள் சேக்கறதும் நிறுத்தறதும் அவர்தான், போன வாரம் இங்க வந்தார். நீ இருக்க எடத்துலதான் உக்காந்தார். சினிமா, மழை, முட்டிவலி எல்லாம் பேசினார். எந்திரிக்கும்போது, வாங்கறவன் சார்ஜர் லைன் ஒண்ண மட்டும் வச்சுக்கறானாம், உங்க பொண்ணு டெஸ்டிங்லதான இருக்கு, பாத்துப் பண்ணலாம் தலைவரேன்னார். அவ்ளோதான். எம் பொண்ணுக்குப் புருசன் இல்ல, ரெண்டு குழந்தை. எம் பென்சன உனக்குச் சொன்னா நீ சிரிப்ப.

அவர் பேசிட்டுப் போனது அவளுக்குத் தெரியாது, படம் எடுக்க வராங்கன்னு மட்டும் காதுல விழுந்திருக்கு. இன்னிக்குக் காலைலகூட வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே, யாராச்சும் கேமராவத் தூக்கிட்டு வந்தா வெரட்டி விடுங்கப்பான்னு சொல்லிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனா.

லைட்ட எரிய விடும்மா. ஒரே தடவையில சொல்லிர்றேன், மறுபடி சொல்லச் சொல்லாத.