ஒரு செரங்கை வெடியுப்பு

அந்தச் சேரு வேண்டாம் மதினி, ஒரு காலு ஆடும். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. அப்ப வெம்பக்கோட்டைதானா உங்களுக்கு. சிவகாசியில ஆப்செட் பிரஸ்ல இருக்கானே பிரபாகரன், அவன் உங்க மகனா. சரி சரி. போன ஞாயித்துக்கெளம பக்கத்து வீட்டுல பூவும் பழமுமா வந்து பொண்ணு பாத்துட்டுப் போனீக, சன்னல்ல நின்னு பாத்தேன். இன்னைக்கு அங்க போகாம நேரா எங்க வீட்டுப் படி ஏறியிருக்கீகன்னா வெசாரிக்கத்தான். தப்பில்ல. மாடு வாங்குனாலே பல்லப் புடிச்சுப் பாக்கோம்.

கேளுங்க. பானுப்பிரியாவப் பத்தி எம்புட்டு வேணும்னாலும் கேளுங்க. தங்கமான புள்ள மதினி. வாய்க்குச் சொல்லல. பன்னெண்டு முடிச்சிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போறா, பெட்டிக்கு லேபில் ஒட்டுற செக்சன். காலையில ஏளு மணி வேனுக்கு நிக்கணும், அதுக்கு முன்னாடியே தண்ணி எடுத்து, சோறு பொங்கி, அவுக அப்பன் இருளாண்டிக்குத் தூக்குவாளியில போட்டுக் குடுத்துட்டுத்தான் போவா. அவுக ஆத்தா பொன்மணிக்கு வயித்துல ஆபரேசன் ஆனப்ப மதுரைக்கும் இங்கனைக்கும் பஸ்ல அலைஞ்சது அவதான்.

கறி மீன் தொடுறதில்லன்னு சொன்னாகளா? ஆமா. ஒரு வருசமா தொடுறதில்ல. நீங்க அத நல்ல பளக்கம்னு நெனைக்கீக. ம்... தண்ணி குடிங்க மதினி, வெயில்ல வந்திருக்கீக. பங்குனிகூடப் பொறக்கல, இப்பமே இந்தக் காச்சல் காச்சுது.

தெரியும். நீங்க அதக் கேக்கத்தான் வந்திருக்கீகன்னு தெரியும். மொளப்பாரி கருகின வீடு, அந்தப் பொண்ணக் கட்டிட்டுப் போனா வௌங்காதுன்னு யாரோ சொல்லியிருப்பாக. யாரு, பஸ் ஸ்டாப்புல பெட்டிக்கடை லட்சுமிகாந்தமா? அவ வேற எங்க இருப்பா. என்ன சொன்னா? வேலுத்தாயே சொல்லிட்டாளே, வேற சாட்சி எதுக்குன்னா சொன்னா?

ஆமா. வேலுத்தாய் நாந்தான்.

உங்க ஊர்ல எப்படின்னு தெரியல, அவுகவுக வீட்டுலயே வளப்பாகளா? எங்க தெருவுல அப்படியில்ல. பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுனதும் ஏளெட்டு வீட்டுப் பானையும் ஒரே வீட்டுக்கு வந்துரும். வந்துரும்னா எங்க வீட்டுக்குத்தான், எம்பானையும் அதுல ஒண்ணு. பொறவாசல்ல வேப்ப மரத்தடியில ஒரு கொட்டாய் கெடக்கு பாருங்க, முன்ன ஆடு கட்டுனது. அத மொளுகி, கீத்து வச்சு அடச்சு, வெளிச்சமே விளாம பண்ணிருவேன். அவுகவுக சட்டியில அவுகவுக எரு போட்டு, தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு, சோளம்னு வெதைய வெதச்சு, களுத்துல ஒரு சேலைக் கிளிசலக் கட்டி அடையாளம் வச்சுக் குடுத்துருவாக. அதுக்கப்புறம் எட்டு நாளைக்கு நான் ஒருத்திதான் உள்ள போகணும். வெதச்சவளே எட்டிப் பாக்கக் கூடாது, கண்ணு பட்டுரும். அவுக வீட்டுல வெரதம் இருந்து, சாயங்காலம் ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து வாசல்ல குடுத்துட்டுப் போகணும், அம்புட்டுத்தான். வாயக் கட்டிக்கிட்டு நான் தெளிப்பேன்.

பதினோரு வருசம் வளத்தேன் மதினி. வேலுத்தாய் கைராசிக்காரின்னு பேரு. வயக்காட்டுல மொத வெதை போடக்கூட என்னையக் கூட்டிட்டுப் போவாக. அந்தப் பேர வச்சுக்கிட்டுத்தான் இந்தத் தெருவுல நடந்துக்கிட்டிருந்தேன்னு வையுங்களேன். வேற என்ன இருக்கு எங்கிட்ட, பட்டாசுக் கம்பெனியில வெடியுப்புச் சலிக்கிற பொளப்பு.

போன வருசம் பொன்மணி ஆஸ்பத்திரியில கெடந்தா. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சா மொளப்பாரி எடுக்கேன் தாயின்னு நேந்திருக்கா. அவளால முடியுமா, அதனால ஆத்தாளுக்குப் பதிலா பானு வெதச்சா. பொன்மணியோட பச்சச் சேலையில ஓரத்தக் கிளிச்சு சட்டியில கட்டிக் கொண்டாந்தா. பெரியம்மா, எங்கம்மாது, நல்லாப் பாத்துக்கோங்கன்னு கையில குடுத்தா. பொன்மணி எனக்குத் தங்கச்சி மொற, அதனால இவளுக்கு நான் பெரியம்மா.

எட்டாம் நாளு வெளிய எடுக்கோம். கொட்டு வந்தாச்சு, பொம்பளைக எல்லாம் மஞ்சத் தண்ணியில குளிச்சு நிக்காக. ஒவ்வொரு பானையா நான் எடுத்துக் குடுக்கேன், கொலவை போடுதாக. நெட்டு நெட்டா, வெளுத்த மஞ்சள்ல, ஒரு மொளம் உசரம் நிக்குது பயிரு. பச்சச் சேலை கட்டுன பானைய எடுத்துக் குடுத்தேன். கொலவை நின்னு போச்சு. நாலு வெரக்கடை உசரம் இல்ல. நுனியெல்லாம் கருகி, தண்டு அளுகி, ஒரு மாதிரி வாட. பானு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டே நிக்கா, வாங்கவும் மாட்டேங்கா, கைய மடக்கவும் மாட்டேங்கா.

ஆத்தா ஆஸ்பத்திரியில கெடக்கையில இப்படின்னா என்ன நெனைப்பாக. ஒருத்தி வாயப் பொத்துனா. பூசாரி ஆண்டிச்சாமி வந்து பாத்துட்டு எங்கிட்டத்தான் கேட்டாரு, ஏத்தா வேலுத்தாயி, தண்ணி ஒளுங்கா ஊத்துனியான்னு. அம்புட்டுப் பேரும் என் மொகத்தப் பாக்காக.

நான் வளக்க வேண்டிய மொறையிலதான் வளத்தேன், வெதச்ச வீட்டுல என்ன தப்பு நடந்துச்சோ எனக்கென்ன தெரியும்.

இதான் நான் சொன்னது. ஒரு எளுத்துக் கூட்டல கொறைக்கல. இந்த வாயிதான் சொல்லுச்சு.

அதுக்கப்புறம் ஊருக்குச் சொல்லியா குடுக்கணும். வெரதத்துல வீட்ட விட்டு எங்க போனா, யாரோட போன்ல பேசுனா, ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு எந்தப் பஸ்ல ஏறுனான்னு ஆளுக்கொண்ணு. அந்தப் பானைய ஊர்வலத்துல சேக்கக் கூடாதுன்னுட்டாக. எல்லாரும் கும்மி கொட்டிக்கிட்டுக் கம்மாய்க்குப் போறாக, இவ ஒத்தையில, குறுக்குத் தெரு வளியா, கருகுன சட்டியத் தூக்கிக்கிட்டு வந்து எல்லாரும் கரச்ச பெறகு கடைசியாக் கரச்சா. மத்தவுக ஒரு புடி மொளையப் புடுங்கிட்டு வந்து வீட்டுப் பொறவாசல்ல நடுவாக, செளிப்பா இருக்கும்னு. அவ வெறுஞ்சட்டியோட வந்தா.

பொன்மணி பொளச்சு வந்துட்டா, அது வேற. அம்மன் அவளுக்குக் கொற வைக்கல. ஆனா பொண்ணு கேட்டு வந்ததுல இதுக்கு முன்ன ரெண்டு எடம் இந்தப் பேச்சக் கேட்டுட்டுத்தான் திரும்பிப் போச்சு. எம். புதுப்பட்டிக்காரவுக தட்டு மாத்தத் தேதி குறிச்ச பெறகு போனாக. நீங்க மூணாவது. நீங்க ஒருத்தர்தான் மதினி நேரா எங்கிட்டயே கேக்க வந்தது. மத்தவுக பஸ் ஸ்டாப்போடவே போயிட்டாக, எனக்கும் சொகமாப் போச்சு.

கறி தின்னாத கதையச் சொல்றேன் கேளுங்க. பொங்கல் முடிஞ்சு நாலஞ்சு நாளு இருக்கும். நான் பொறவாசல்ல பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருக்கேன், இவ வந்து பக்கத்துல குத்தவச்சு உக்காந்தா. பெரியம்மா, தப்பு எம்மேலதான்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வெரதம் ஆரம்பிச்ச ஆறாம் நாளு, கம்பெனி வேன்ல ஒருத்தி முட்டைப் பிரியாணிப் பொட்டலத்தப் பிரிச்சிருக்கா. காலையில இருந்து பட்டினி, மதுரைக்குப் போயிட்டு வந்த அலுப்பு, நெனப்பில்லாம ஒரு வாய் வாங்கித் தின்னுட்டாளாம். தின்னு முளுங்குன பெறகுதான் வெரதம் ஞாவகம் வந்துச்சாம். அந்த ஒரு வாய்க்குத்தான் பெரியம்மா அம்மன் கருக்கிட்டா, எங்கம்மாவ எடுத்திருவாளோன்னு எம்புட்டுப் பயந்தேன் தெரியுமான்னு என் மடியில விளுந்து அளுதா.

நான் என்ன செஞ்சேங்கீக? தலையத் தடவிக் குடுத்தேன். சரித்தா, அறியாமச் செஞ்சது, அம்மன் மன்னிச்சிருவா, நானும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னேன். பெரிய மனுசியாட்டம் மன்னிச்சு விட்டேன் மதினி அவள. அவ என் கால்ல விளுந்து கும்புட்டுட்டுப் போனா. அன்னைக்கு விட்டதுதான் கறி, முட்டை எல்லாம். பத்து நாளைக்கு முன்ன வந்து கேக்கா, பெரியம்மா இந்த வருசம் நான் ஒரு சட்டி வெதைக்கலாமா, இன்னும் தோசம் இருக்குமான்னு. தெருக்காரவுகளும் வந்து கேட்டாக, கொட்டாய எப்ப மொளுகப் போறேன்னு. மூட்டு வலி, உக்காந்து எந்திரிக்க முடியலன்னு சொல்லிட்டேன். மூட்டுக்கு ஒண்ணுமில்ல. பாக்கீகள்ல, நல்லாத்தான் நடக்கேன்.

இல்ல மதினி, இருங்க, எந்திரிக்காதீக. பொண்ணு நல்ல பொண்ணு, ஒரு வாய் பிரியாணிதானேன்னு நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்லுதீக. நானும் அதோட உங்கள அனுப்பியிருப்பேன். உங்க மகனுக்கு முடிஞ்சிருக்கும், கல்யாணத்துக்கு நான் மொய் வச்சிட்டு வந்து பந்தியில உக்காந்து சாப்புட்டிருப்பேன். ஆனா அவ அங்கன வந்தும் முட்டையப் பாத்தாப் பயப்படுவா. புள்ளைக்குக் காச்சல் வந்தா நான் தின்ன பிரியாணிம்பா. உங்களுக்கே ஒரு கைகால் வலின்னா நாளைக்கு நீங்களும் நெனைப்பீக. நெனைக்க மாட்டேன்னு சொல்லாதீக, நானும் பொம்பளைதான்.

பானு வெதச்சதுக்கு முந்துன வருசம் ஊர்வலத்துல முன்னால போனது லட்சுமிகாந்தம் பானை. அதுதான் உசரம். வளத்தவ பானை மூணாவதாப் போகுதேன்னு கேலி பண்ணுனாக, சும்மா கேலிதான். எனக்கு அது உள்ள கெடந்து அறுத்துச்சு. பெருமைக்கு எருமை மேச்ச கதைதான். கம்பெனியில எங்க போர்மேன் சீனிவாசகம் ஒருநா வெளையாட்டாச் சொன்னாரு, நீங்க சலிக்கிற வெடியுப்பு வேற ஒண்ணுமில்ல, பயிருக்குப் போடுற உரந்தான், வெங்காயத்துக்குப் போட்டா கொளுகொளுன்னு வரும்னு. போன வருசம் காப்புக் கட்டுன பெறகு, சோத்துச் சட்டி மூடிக்குள்ள வச்சு ஒரு செரங்கை உப்பு எடுத்துட்டு வந்தேன். புடிச்சிருந்தா வேலை போயிருக்கும், போலீசுதான். அம்மனுக்கு வளக்குற பயிருக்குக் களவாண்ட உப்பு. கரச்சு என் சட்டிக்கு மட்டும் ஊத்துனேன். அஞ்சாம் நாளே நுனி கருக ஆரம்பிச்சிருச்சு. மேக்கொண்டு தண்ணிய ஊத்திப் பாத்தேன், தண்டு அளுகிப் போச்சு.

மத்த பானையெல்லாம் கேக்க ஆளு இருக்கிற பானை. எடுக்கிற அன்னைக்கு வெள்ளனமே வந்து வாசல்ல நின்னுக்கிட்டாக. பானு மதுரையில இருந்து பஸ்ஸப் புடிச்சு வந்துக்கிட்டிருந்தா. அவ பானைதான் எல்லாத்துலயும் உசரம், மொச்சையெல்லாம் எலை விரிச்சு நின்னுச்சு. பச்சத் துணிய அவுத்து எம்பானையில கட்டுனேன். என் துணிய அதுல கட்டுனேன். ரெண்டு முடிச்சு, அம்புட்டு நேரந்தான் ஆச்சு. அவ பானையத்தான் மதினி நான் தலையில தூக்கிக்கிட்டு மொத ஆளாப் போனேன்.

பொன்மணிக்கு இன்னும் தெரியாது. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். எந்திரிங்க, அவ வீட்டுக்குப் போவோம், மூணு பேரும் இருக்காக. நீங்க கூட இருந்தா நான் பாதியில மாத்திச் சொல்ல மாட்டேன்.