படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு

செருப்பை ஒழுங்காகக் கழற்றி விடத் தெரியாதவன் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்பது என் கட்சி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

நான் பராமரிப்புச் சூப்பர்வைசராக இருக்கும் குடியிருப்பின் தரைக்கு அடியில் இரண்டடி உயரத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. குழாய்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. மேலே அலட்டிக்கொண்டு நடக்கிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. படிக்கட்டுக்கு அடியிலுள்ள திறப்பு வழியே தவழ்ந்து போகவேண்டும். வெளியே செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அந்த விதியைப் போட்டவனே நான்தான்.

என் தங்கை புருஷன் அங்கே பிளம்பர். அவன் செருப்பு ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே பார்க்கும். வேலையும் அந்த லட்சணம்தான். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. "மச்சானுக்கு உள்ள போகப் பயம். வாசல்ல நின்னே அதிகாரம் பண்ணிடுவாரு" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னான். வாட்ச்மேன்கூடச் சிரித்தான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நாய் கடித்தால் திருப்பியா கடிக்க முடியும்?

எலித் தொல்லை என்று அந்தத் திறப்பைச் செங்கல் வைத்து அடைக்க முடிவாயிற்று. அன்று காலை, கடைசியாக ஒரு கசிவைப் பார்க்க மாப்பிள்ளையை உள்ளே அனுப்பினேன். சட்டை, செல்போன், செருப்பு மூன்றையும் வாசலில் வீசிவிட்டுப் போனான். செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்து என் அலமாரியில் அடுக்கி வைத்தேன். தண்ணீர் ஏற்றும் நேரம், மோட்டாரையும் போட்டேன். அது ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது.

"செருப்பு ஒண்ணும் இல்லையேண்ணே, அடைச்சிடவா?" என்று கொத்தனார் கத்திக் கேட்டார். தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் தங்கை வந்தாள். "அண்ணா, அவரு இன்னும் வீட்டுக்கு வரல. போனும் எடுக்கல."

"பொறுப்பில்லாதவன். எங்கயாவது சுத்திட்டு வருவான்" என்றேன். அழுதாள். அவனைக் கட்டிக்கொண்டவளுக்கு வேறென்ன வாய்க்கும்?

மறுநாள் முதல் மாடி டீச்சர், குழாயை யாரோ தட்டுவதுபோல் இருக்கிறது என்றார். படித்தவர்தான், ஆனால் அவரால் அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. 'குழாயில் காற்று' என்று புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். நாலாம் நாள் சத்தம் நின்றது. 'சரி செய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன்.

சத்தம் கேட்டபோதே சுவரை உடைத்திருக்கலாமே என்கிறீர்கள். பேச நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாளே தட்டல் மெலிந்துவிட்டது. அவனால் தவழ்ந்து வர முடிந்திருக்காது. அவனை இழுத்து வர யார் உள்ளே போவது, ஐயா? நானா?