சாமியின் முதுகு

கடலூரில் கோடைப் பொருட்காட்சி பார்த்த கூட்டம் சிதம்பரத்துக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு எதிர்ப் பலகையில் ஒரு அம்மாள் தன் கணவரிடம் சொன்னாள்:

"சாமி முதுகைப் பாத்துட்டேன்."

"என்னாடி சொல்ற? நான் வெளியில மூட்டைக்குக் காவல் இருந்தேன், ஒண்ணும் பாக்கல."

"நடராஜர் செலைங்க. நடுக்கூடத்துல வச்சிருக்காங்க. துணியில்ல, மாலையில்ல. கோவில் பழக்கத்துல கும்புட்டுக்கிட்டே சுத்தி வந்துட்டேன்."

"முதுகைப் பாக்கலாமாடி? பாவமில்ல?"

"தெரியலைங்க. முடியெல்லாம் பறக்குது, கையெல்லாம் ஆடுது. முதுகு மட்டும் அசையாம நிக்குது."

கிள்ளை தாண்டியதும் கோபுரம் தெரிந்தது. பெட்டியில் எல்லோரும் கைகூப்பினார்கள். அவள் கணவரும் கூப்பினார். கையை இறக்காமலே மெல்லக் கேட்டார்:

"பொருட்காட்சிய நாளைக்கும் தொறந்திருப்பாங்களா?"