மலை ரோட்டுக்கு ஏத்த டயர்

– கையை வெச்சுப் பாருங்க முதலாளி. இதுக்குப் பேரு டயரா? மொட்டைத்தலை. இதோட இந்த மழையில கொட்டகலையில இருந்து ஹட்டன் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தீங்க?

– என்கிட்ட ஏன் கேக்கிற பொன்னையா? டயர் வெவகாரம் எல்லாம் எங்க மகதான். சொல்லு தாயி, எதைப் போடலாம்? ஒரு வருசத்துக்கு மேல வீட்டுல உக்காந்து இதைத்தானே படிச்சிருக்கே.

– வேணாம்ப்பா. நீங்களே சொல்லுங்க.

– அட, சொல்லும்மா சிவகாமி. என் கடையில என்ன வெக்கம்?

– அந்தா, சுவரோரமா சாத்தியிருக்கே அண்ணே... கட்டை கட்டையா வெட்டுப் போட்டது. அது நல்லது. ரப்பர் மெதுவா இருக்கு. நகத்தை வெச்சா பதியுது. ஈர ரோட்டைக் கெட்டியாப் பிடிக்கும்.

– நெசமா சொல்றேன் முதலாளி, தொரைமாரு டிரைவருங்க கூட நகத்தை வெச்சுப் பார்த்தது இல்ல! யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?

– சைக்கிள் கடை சின்னராசா அண்ணன்கிட்ட கேட்டேன்.

– ஓகோ. சைக்கிள் கடையில எல்லாம் பேச்சு வெச்சிருக்கியா?

– வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுதாம்ப்பா கேட்டேன். மீனாவும் கூட நின்னா.

– தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போனியா? நல்லது. சரி, முன்னுக்கு ரெண்டு போதுமா தாயி?

– போதாதுப்பா. அன்னிக்கு வளைவுல பின்பக்கம்தானே இழுத்துக்கிட்டுப் போச்சு. நாலையும் மாத்தணும்.

– அன்னிக்கா? என்னிக்கும்மா?

– போன வருசம் ஆடி மழைக்குள்ள அண்ணே. பள்ளிக்கூடம் விட்டு அப்பாவோட வர்றப்ப காரு சறுக்கி, ரோட்டோரத்துத் தண்ணிக் கானுக்குள்ள இறங்கிருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னியில இருந்துதான் அப்பா பள்ளிக்கூடம் வேணாம்னு...

– நான் வேணாம்னு சொன்னேனா?

– இல்லப்பா.

– என்ன சொன்னேன்? பொன்னையாவுக்கும் கேக்குற மாதிரி சொல்லு.

– டயர் மாத்தின மறுநாளே போகலாம்னு சொன்னீங்க.

– அப்படிச் சொல்லு. இவ அம்மா சாகக்குள்ள என் கையைப் புடிச்சுக்கிட்டா பொன்னையா. "ரெண்டு புள்ளைங்க படிப்புக்கும் குறுக்க நிக்காதீங்க"ன்னா. சூடத்தை அணைச்சு சத்தியம் செஞ்சு குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் என் வாயில இருந்து வேணாங்கிற சொல்லு வரல. கப்பல்ல டயர் வராட்டி நான் என்ன செய்ய?

– நாலு மைல்தானே முதலாளி. பஸ்ஸுல அனுப்பியிருக்கலாமே?

– வயசுக்கு வந்த புள்ளையை பஸ்ஸுல இடிபட விடச் சொல்றியா? நான் தனியா கடைக்கு வந்து போக மொட்டை டயர் போதும். பொம்பளப் புள்ளைய ஏத்திக்கிட்டு வர ஆகுமா? நீயே சொல்லு.

– அது என்னவோ சரிதாங்க. புத்தகப் பை எல்லாம் சீட்டுல இருக்கேம்மா?

– டயர் போட்டதும் நேரா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னாங்க அண்ணே. பெரிய டீச்சரம்மாவைப் பார்த்துத் திரும்பச் சேர்க்கணும். சோதனைக்கு ரெண்டு மாசம்தான் கிடக்கு. விட்டதை எல்லாம் வீட்டுலயே படிச்சிட்டேன், சேர்த்துக்குவாங்க. பட்டுத் தாவணி வேணாம்னுதான் சொன்னேன். அப்பாதான், பெரிய புள்ளையாப் போய் நில்லுன்னாங்க.

– மகாலெட்சுமியாட்டம் இருக்கேம்மா.

– மேல பள்ளிக்கூட மணி அடிக்குதுப்பா. இது முதல் மணிதான். இன்னும் நேரம் இருக்கு. அண்ணே, சுருக்கா மாத்திருவீங்களா?

– ஜாக்கி அடிச்சா அரை மணி நேரத்துல முடிச்சிருவேன் தாயி.

– அப்பா, எதிர்க் கடை மாடியில ஒரு அம்மா நிக்கிறாங்க. வந்ததுல இருந்து என்னையே பாக்குறாங்க.

– பாக்கட்டும். கண்ணு இருக்கு, பாக்குறாங்க. பொன்னையா, எங்க மக சொன்னது எல்லாம் சரிதானே?

– அச்சொட்டா சரிங்க. மலை ரோட்டுக்கு அவ காட்டின டயரை விட்டா வேற இல்ல.

– அப்ப அதை உள்ள தூக்கி வை. இதோ, நெடுக்கக் கோடு போட்டிருக்கே, இதுல நாலு எடு.

– முதலாளி, அது கட்டி ரப்பருங்க. வெயில் ரோட்டுல, நேர் ரோட்டுல ஓடுற காருக்கு. நம்ம மழையில, நம்ம வளைவுல போட்டா மறுபடியும் கானுக்குள்ளதான்.

– தெரியும்.

– அப்பா, அது பள்ளிக்கூட ரோட்டுல நிக்காதுப்பா.

– புத்தளத்து ரோட்டுல நிக்கும்ல?

– புத்தளமா?

– அங்க மலையும் இல்ல, மழையும் கொஞ்சம்தான். உன் மாமியார் வீட்டுல ரெண்டு கடை ஓடுது. கார் கல்யாணச் சீராப் போகுது. நீயும் அதுலயே போறே. அந்தா, மாடியில நிக்கிறாங்களே, அவங்கதான் உன் மாமியா. நல்லாப் பார்க்கட்டும்னுதான் இவ்வளவு நேரம் வாசல்ல நிக்க வெச்சேன். தலையை நிமித்து. டயரைத் தடவித் தடவிக் கை எல்லாம் கறுப்பு. பின்னால மறைச்சுக்க.

– டயர் மாத்தினா மறுநாளே பள்ளிக்கூடம்னு சொன்னீங்களேப்பா.

– நாளைக்குப் போயேன். ஆரு புடிச்சா? கார் மட்டும் கிடையாது. கல்யாணச் சோடிப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தணும். புத்தளத்துலயும் பள்ளிக்கூடம் இல்லாமலா போகும்? மாப்பிள்ளையைக் கேட்டுக்க. நான் குறுக்க நிக்கல.

– முதலாளி... இதுக்குத்தானா? புள்ளை காட்டிச்சே, அந்த நாலு டயரும் தை மாசமே வந்துருச்சு. உங்களுக்குன்னு எடுத்து வெச்சு, ஆள் மேல ஆள் அனுப்பினேனே.

– தை மாசமேயா அண்ணே?

– ஆமா தாயி. பத்து மாசமா அதே சுவரோரமாத்தான் சாத்தி வெச்சிருக்கேன்.

– கப்பல் வரலைன்னு சொன்னீங்களேப்பா. தினம் தினம் கேட்டேனே. தினமும் சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களே.

– அழாத. மாடியில பாக்குறாங்க. பொன்னையா, உனக்கு வியாபாரம் வேணுமா, என்கிட்ட வழக்குப் பேசணுமா?

– ...ஜாக்கி எடுத்தாறேங்க.

– அப்பா. நான் புத்தளம் போறேன். அழல. தலையையும் நிமித்துக்கிறேன். மீனாவையாவது படிக்க வைங்கப்பா. தைக்கு அவ அஞ்சாம் வகுப்பு முடிச்சு ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு வரணும். காலையில கூட, தானும் என்னோட பள்ளிக்கூடம் வரணும்னு கட்டிக்கிட்டு அழுதா.

– உங்கம்மாவுக்குச் செஞ்ச சத்தியம் அவளுக்கும் சேர்த்துத்தானே தாயி. வேணாம்னு சொல்லுவேனா? தையில நானே கொண்டாந்து சேர்ப்பேன். நானே கார்ல ஏத்தி இறக்குவேன்.

– காருதான் சீராப் போகுதே?

– தோட்டத்துத் தொரை சீமைக்கே திரும்பிப் போறாரு. அவரு காரைப் பேசி முடிச்சிட்டேன். இதே ஆஸ்டின்தான். இதே அளவு டயர்.

– நெசமாவாப்பா? நல்ல டயரா இருக்கா? பின்னுக்கும் பார்த்தீங்களா?

– பார்த்தேன். நாலும் நீ சொன்னியே, அதே மாதிரி. கட்டை கட்டையா வெட்டு. நகத்தை வெச்சா பதியுது.

– அப்ப போதும்ப்பா. மீனாகிட்ட சொல்லிடுறேன். சந்தோசப்படுவா.

– முதலாளி, கழட்டுற இந்த மொட்டை டயரை என்ன செய்ய? செருப்பு வெட்டுறவன் கேட்டுக்கிட்டே இருக்கான். கொடுத்துறவா?

– கொடுத்துறாத. நாலையும் வீட்டுக்கு அனுப்பி வை. தொரை காருல இருக்கிற டயர் ரொம்பப் புதுசு, மீனாவுக்கு ஆகாது.