மருமக கையால ஊசி

குத்துறா சார், தினமும் குத்துறா! சொந்த மருமக! காலையில ஏழு மணி அடிச்சா போதும், ஊசியைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறா... கையைத் தூக்காதீங்க, கோட்டு அக்குள்ல குண்டூசி வெச்சிருக்கேன். அப்படியே நில்லுங்க.

என்ன ஊசியா? ரத்தம் உறையாம இருக்குறதுக்கு சார். மேல் தட்டுல துணி எடுக்கலாம்னு ஸ்டூல்ல ஏறினேன், தொப்புனு விழுந்தேன், முட்டி போச்சு. கட்டு போட்டுக்கிட்டு படுத்தே கிடந்தேனா, கால்ல ரத்தம் உறைஞ்சுபோச்சு. அது நகர்ந்து நெஞ்சுக்குப் போச்சுன்னா ஆளே காலின்னுட்டார் டாக்டர். அதான் தினம் ஒண்ணு. அதுவும் வயித்துல! கையில இல்ல, இடுப்புல இல்ல, வயித்துல!

நர்ஸம்மா வந்து மருமகளுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இவ என்னடான்னா பரிட்சைக்குப் படிக்கிற மாதிரி நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டா. இன்னிக்கு இடது பக்கம், நாளைக்கு வலது பக்கம், தொப்புள்கிட்ட போகவே கூடாது, சதையை மடிச்சுப் புடிக்கணும், மருந்து முழுசா இறங்குற வரைக்கும் விடக்கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது... ஊசிக்குள்ள குமிழி தெரியுதேம்மா, தட்டி வெளியேத்துன்னேன். 'வேண்டாம் மாமா, மருந்தும் சேர்ந்து போயிடும்'கிறா. நாப்பது வருஷமா ஊசி புடிக்கிறவன் சார் நான்! எனக்கு ஊசியைப் பத்திப் பாடம் எடுக்குறா!

கொஞ்சம் திரும்புங்க. தோள் சரியா இருக்கு. இதைப் பாருங்க, சட்டையைத் தூக்குறேன்... ஏன் முகத்தைத் திருப்பிக்கிறீங்க, பாருங்க சார்! ஊதா, பச்சை, மஞ்சள்... அங்க சாம்பிள் துணி தொங்குதே, அதே மாதிரி இல்ல என் வயிறு? தெருவுல நாலு பேர்கிட்ட காட்டினேன். 'மருமக கை கொஞ்சம் கனம்'னேன். அவ்வளவுதான் சொன்னேன். அது சுத்திச் சுத்தி பையன் காதுக்குப் போய், அவன் அவளைத் திட்ட, நேத்து உக்காந்து அழுதா. 'எனக்குப் போடத் தெரியல மாமா, டாக்டர்கிட்டயே சொல்லிடுறேன்'னுட்டா. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போறோம். அவளும் வர்றா, தன் மேலதான் தப்புன்னு சொல்றதுக்கு. பாவம்தான்... எனக்கும் தெரியுது சார், பாவம்னு...

'தேய்ச்சீங்களா மாமா'னு ஒரு நாள் கேட்டா. இல்லவே இல்லன்னேன். உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க வெளியாள். ஊசி போட்டுட்டு அவ அந்தப் பக்கம் திரும்பினதும், கட்டைவிரலால லேசா ஒரு தேய்... லேசான்னா, தையல் போட்டதும் அழுத்தி நீவி விடுவோமே, அவ்வளவுதான். கைப்பழக்கம்! சிரிக்காதீங்க, குண்டூசி ஏறிடும்.

இதுவா? விரல்ல காலையில கத்திரி லேசா பட்டுச்சு. லேசாத்தான். அரை மணி நேரம் நிக்கவே இல்ல, இது மூணாவது துணி. பல்லு தேய்க்கும்போதும் ரத்தம், மூக்குலயும் கொஞ்சம். அவகிட்ட சொல்லலை. சொன்னா அதுக்கும் அழுவா.

மாத்திரையா? டாக்டர் குடுத்ததை ஒழுங்கா போடுறேன். வேற ஒண்ணும்... அட, முதுகு வலிக்கு ஒண்ணு போட்டுக்குவேன். சில நாள் ரெண்டு. குனிஞ்சு குனிஞ்சுல்ல வெட்டுறேன்! மெடிக்கல்ல கேட்டா குடுத்துடுறான். ஊசி போடுறதை அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? கால் வேற, முதுகு வேற!

என்ன சார், முகமே மாறிப்போச்சு? உங்க அம்மாவுக்கும் இதே ஊசியா?... வலி மாத்திரை கூடச் சேரக்கூடாதா?... உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியுமா? வெளிய தெரியாமலா?... பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாங்களா...

என்ன சார், பயமுறுத்துறீங்க. எனக்கு அப்படியெல்லாம் ஆகாது... ஆகுமா?

எங்க போறீங்க? வாசல் இந்தப் பக்கம், அது வீட்டுக்குள்ள போற வழி! சார்! அவளைக் கூப்பிடாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போகும்! சார், ஒரு கை இன்னும் தைக்கவே இல்ல!

...

வாம்மா. வா. எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டாரா? இவர்கிட்டப் போய் வாயைக் கொடுத்தேன் பாரு. முறைக்காதே. மாத்திரை அட்டை நூல் டப்பாவுல இருக்கு, எடுத்துக்கோ. என்னது, இப்பவே ஆஸ்பத்திரிக்கா? அஞ்சு மணிக்குத்தானே... சரி சரி, கத்தாதே, வர்றேன்.

உன் கையில ஒரு தப்பும் இல்லம்மா. தேய்ச்சது நான். மாத்திரையை முழுங்கினது நான். தெரு பூரா போய் உன்னைப் பத்திச் சொன்னதும் நான்தான். டாக்டர்கிட்டயும் உன் புருஷன்கிட்டயும் நானே சொல்றேன். அழாதே. நாளைக்கும் நீயே போடு, வேற யாரும் வேணாம் எனக்கு.

ஏம்மா, பட்டன் டப்பாவை எதுக்குத் திறக்குற? அதுல வெறும் பட்டன்தான் இருக்கு. சத்தியமா...

சரி. அதுலயும் ஒரு அட்டை இருக்கு.