பிரேக்குல காத்து

— பிரேக்கு லிவர அழுத்து மாமா. இன்னும் அழுத்து. ஆங், அப்டியே புடிச்சிக்கோ, உடாத.

— புடிச்சிக்கினு தாண்டா இருக்கேன். எவ்ளோ நேரம்?

— நான் சொல்ற வரைக்கும். நட்ட லூசு பண்றேன் பாரு... டியூபுல கொப்புளம் கொப்புளமா வருதா? அதெல்லாம் காத்து. மூடிட்டேன். சரேலே, சரி, இப்ப உடு.

— உட்டுட்டேன். ஆச்சா?

— ஆவறதா? இப்பதான ஆரம்பிச்சிருக்குது. பிரேக்கு ஆயில் போற ஓஸு புதுசு மாமா, உள்ள பூரா காத்து. அது மொத்தமும் வெளிய வந்தா தான் பிரேக்கு புடிக்கும். திருப்பி அழுத்து.

— சிரஞ்சீவி, நான் எதுக்கு இங்க வந்து நின்னுக்கினு இருக்கேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?

— தெரியாம இன்னா? எங்கக்கா கொவைத்துக்கு வேலைக்குப் போறா. நீ அவளப் புடிக்கப் போற. சத்தியவேடு முச்சூடும் தெரியும்.

— தெரிஞ்சும் நோண்டிக்கினு இருக்கறியே! ரெண்டு மணிக்கு பிளேனு. ஏஜெண்டு வேன் அவள ஏத்திக்கினு சூளூர்பேட்டைக்குப் போயி இன்னும் ரெண்டு பொம்பளைங்கள ஏத்திக்கினு சுத்திக்கினு தான் மெட்ராஸ் போவுது. நான் ஊத்துக்கோட்டை வழியா இப்ப கெளம்பினா ஏர்போர்ட்டு வாசல்லயே புடிச்சிடுவேன்.

— பைக்கு முன் சக்கரத்துல துளி பிரேக்கு இல்லாம உன்ன மெட்ராஸ் ரோட்டுல உட்டா, நாளைக்கி போலீசு என்னத் தான் தேடிக்கினு வரும். ஆகு மாமா, கொஞ்சம் நில்லு. பத்து நிமிசம்.

— நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடிச்சி?

— நல்லா ஓடிச்சா? போன மாசம் திருப்பதி மலையில இருந்து எறங்கறப்ப, அடிவாரத்துல அலிபிரி வர்றதுக்குள்ள லிவரு கைப்புடியோட போயி ஒட்டிக்கிச்சாமே! அக்கா பின்னாடி குந்திக்கினு காலத் தரையில தேய்ச்சிக்கினே வந்தாளாம். செருப்ப எடுத்தாந்து காட்டினா. குதிகாலுல ஓட்டை.

— அவ எதையும் பெருசு பண்ணுவா. ரெண்டு வாட்டி தான் காலு வெச்சா.

— ரெண்டு வாட்டிக்கே ஓட்டையா? இன்னா செருப்பு அது, அப்பளத்துல செஞ்சதா?

— வாய மூடிக்கினு வேலையப் பாருடா.

— பாத்துக்கினே தான பேசறேன். இந்தா, பழைய ஓஸு, கையில புடிச்சிப் பாரு. வண்டி வாங்கின நாள்ல இருந்து இதே ரப்பரு. நீ அழுத்தற அழுத்தமெல்லாம் இது ஊதறதுக்கே சரியாப் போவுது, சக்கரத்துக்குப் போயே சேரல. புதுசு மேல ஸ்டீல் கம்பி பின்னியிருக்குது, ஊதாது. அக்கா தான் மெட்ராஸ்ல இருந்து வரவழைக்கச் சொன்னா.

— அவளா?

— பின்ன நீயா? "புள்ளைங்கள இந்த வண்டியில தான இஸ்கூலுக்கு இட்டுக்கினு போவாரு, நான் இல்லாதப்ப எதனா ஆச்சின்னா நான் எங்கேருந்து ஓடி வர்றது" ன்னா. அதுக்குத்தான் நேத்து சாயங்காலம் வண்டிய இங்க உடச் சொன்னா. அழுத்து. புடி... சரி, உடு.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

— உங்கிட்ட எதச் சொன்னாலும் சண்ட தான? இங்கயே வேலைக்குன்னு கம்பெனி வாசல்ல மூணு வாட்டி போயி நின்னா. வயசு தாண்டிடுச்சின்னு திருப்பி அனுப்பிட்டான். அப்பவும் நீ சிரிச்ச.

— சிரிக்கலடா. போவ வேணாம்னு தான் சொன்னேன். டீக்கடையில முனியப்பன் இன்னா சொன்னான் தெரியுமா? "கங்கையா பொண்டாட்டிய கொவைத்துக்கு அனுப்பிட்டு குந்தித் துன்னப் போறான்" னு எல்லார் எதிர்லயும் சொன்னான். நான் டீய வெச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

— முனியப்பன் வீட்டுல அடுப்பு எரியுது, அவன் பேசுவான். உன் வீட்டுல எரியணும்ல? இன்னிக்கி ஏறலன்னா அந்த விசா செத்துப்போச்சி. திருப்பி யாரு எடுத்துக் குடுப்பா? அவ ஒருத்தி தான் தலையக் குடுத்து இந்தக் குடும்பத்தத் தூக்கப் பாக்கறா.

— எனக்குப் புத்தி சொல்றதுக்கு நீ யாரு?

— அவ தம்பி. அந்தே, அவ்ளோதான். ஆயில் தீந்துடுச்சி மாமா, கொஞ்சம் நில்லு. நாகபூஷணம் கடையில ஒரு டப்பா வாங்கியாந்துடறேன்.

— இப்பவா? பஸ்ஸுலயே போயிடறேன்டா நான்.

— எட்டரை பஸ்ஸு போயாச்சி. அடுத்தது பத்துக்கு, அதுவும் ஊத்துக்கோட்டையில அரை மணி நேரம் நிப்பான். அதுக்குள்ள வண்டி ரெடி ஆயிடும். லிவர மட்டும் தொடாத.

— ஓடு. ஓடிப் போயி ஓடி வா.

— வந்துட்டேன் மாமா. இன்னாத்துக்கு அப்டி மொறைக்கற?

— ஒரு டப்பா வாங்கறதுக்கு இவ்ளோ நேரமா? உன்ன நம்பி ஏறாம நின்னேன், பத்து மணி பஸ்ஸு என் கண்ணெதிர்ல போயிடுச்சிடா!

— நாகபூஷணம் இப்பதான் வந்து ஷட்டரத் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வெச்சி, ஊதுவத்தி ஏத்தி... நடுவுல டப்பா குடுன்னா குடுப்பானா? சரேலே, அழுத்து. டீ குடிச்சியா?

— எதுவும் குடிக்கல.

— ஒரு போனு போட்டுப் பேசிட வேண்டியது தான?

— செல்போன பெரிய பொண்ணுகிட்ட குடுத்துட்டுப் போயிட்டா. ஏஜெண்டுக்கு அடிச்சி அடிச்சிப் பாத்துட்டேன், எடுக்கல. டேய், காலையில இன்னா நடந்துது தெரியுமா? சின்னவ கண்ணாடிக்கு எதிர்ல நின்னுக்கினு தானே சடை பின்னிக்கினா. கோணலா, ஒரு பக்கம் தூக்கிக்கினு. யாரும்மா கத்துக் குடுத்தாங்கன்னேன். "அம்மா ஒரு வாரமா கத்துக் குடுத்தாங்க நைனா, அழாம பின்னணும்னு சொன்னாங்க" ன்றா. எனக்கு இங்க, நெஞ்சுல, தாங்கலடா.

— தாங்கலன்னா? அதுக்காகப் போயி அவள இஸ்துக்கினு வந்துடுவியா?

— நான் அப்டி சொல்லல.

— பின்ன புடிச்சி இன்னா பண்ணப் போற?

— பாக்கணும்.

— பாத்து?

— பாத்துட்டு வந்துடுவேன்.

— வெறுமனே பாக்கறதுக்கு மீனம்பாக்கம் வரைக்குமா? யாருகிட்ட மாமா கத உடற? கல்யாணம் ஆயி பதினாலு வருசம், அவ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனா கூட கொண்டு போயி உட்டவன் இல்ல நீ.

— சிரஞ்சீவி... ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லு.

— வேணாம். சொன்னா நீ அந்த ஸ்பேனராலயே மண்டையில போடுவ. வேலைய முடி. முடிச்சா போதும்.

— முடிக்கறேன். அழுத்து... புடி. உடு. அழுத்து... புடி. உடு. இன்னும் கொஞ்சம் காத்து நிக்குது.

— எங்க நிக்குது? லிவரு கல்லு மாதிரி ஆயிடுச்சேடா. இதுக்கு மேல இன்னா வேணும்?

— உனக்குத் தெரியாது மாமா. பாக்கறதுக்குக் கெட்டியா இருக்கும், ரோட்டுல போனா கை உட்டுடும். இன்னும் ஒரே ஒரு வாட்டி. அழுத்து. புடி... உடு.

— டேய். இப்ப நீ இன்னா பண்ண?

— இன்னா பண்ணேன்?

— எனக்குக் கண்ணு இருக்குது. மொதல்ல எல்லாம் நட்ட மூடிட்டு அப்பால உடுன்ன. இப்ப தொறந்து வெச்சிக்கினே உடுன்ற. இதோ, அழுத்திப் பாக்கறேன். பஞ்சு மாதிரி உள்ள போவுது! கல்லாட்டம் இருந்தது எப்டிடா பஞ்சாச்சி?

— கை வழுக்கிடுச்சி மாமா.

— வழுக்கல. வெளிய போன காத்த வேணும்னே திருப்பி உள்ள இஸ்துக்க உட்டிருக்கற. இது எத்தினாவது வாட்டி? என் மூஞ்சப் பாத்து சொல்றா.

— நாலாவது.

— டேய்!

— கத்தாத மாமா. அடிக்கறதுன்னா அடி, எங்கக்காவுக்காக வாங்கிக்கறேன். வேன்ல ஏறறதுக்கு முன்ன இங்க வந்தா. என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினா. "அவரு பின்னாடியே வருவாரு சிரஞ்சீவி. வாசல்ல வந்து நின்னு ஒரு சொட்டு கண்ணீர் உட்டாருன்னா நான் போவ மாட்டேன், எனக்கு அவ்ளோ தான் தெம்பு. மத்தியானம் வரைக்கும் வண்டியக் குடுக்காத" ன்னா. நேத்து ராத்திரியே முடிச்சி வெச்ச வேலைய காலையில திருப்பி அவுத்துப் போட்டேன். ஆயில் டப்பா கூட உள்ள இன்னொண்ணு இருந்துது.

— இப்ப மணி இன்னா?

— பதினொண்ணே கால். இனிமே நீ எவ்ளோ முறுக்கினாலும் போயி சேர முடியாது. நீ போறதுக்குள்ள கதவ சாத்திடுவான். தப்பு தான் மாமா, ஆனா எனக்கு மனசுல பாரம் இல்ல. இந்நேரம் அவ ஏர்போர்ட்டுக்கு உள்ள போயிருப்பா.

— போயிருக்க மாட்டா.

— ஏன் மாமா, வழியில எதனா...

— ஏர்போர்ட்டு வாசல்ல தான் நின்னுக்கினு இருப்பா. நேத்து அவ குளிக்கப் போனப்ப, ஏஜெண்டு குடுத்த கவர்ல இருந்து பாஸ்போர்ட்ட எடுத்துட்டு, கவரு காலின்னு தெரியக் கூடாதுன்னு சின்னவளோட நோட்டு அட்டைய மடிச்சி உள்ள வெச்சேன். காலையில மனசு கேக்கலடா. பாஸ்போர்ட்ட அவகிட்ட குடுத்துட்டு வந்துடலாம்னு தான் உங்கிட்ட வண்டி கேட்டேன்.